பாக்கெட் மேலே 'மூலிகை'... உள்ளே ஓபியாய்டு! அமெரிக்காவை மிரட்டும் '7-ஓஎச்' கிராட்டம் மாத்திரை: என்ன நடக்குது?

அமெரிக்காவுல ஒரு பெட்ரோல் பங்க்குக்குள்ள போனா, பில் போடுற கவுன்ட்டர் பக்கத்துல சூயிங் கம், எனர்ஜி டிரிங்க், லைட்டர் எல்லாம் வரிசையா இருக்கும். கடந்த சில வருஷமா அந்த வரிசையில் இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கு. பளபளன்னு ஒரு சின்ன பாக்கெட். மேலே பெருசா '7' என்ற எண். பக்கத்தில் ஒரு பச்சை இலை படம். உள்ளே சில மாத்திரைகள். டாக்டர் சீட்டு தேவையில்லை. காசைக் கொடுத்தா கையில் வந்துடும்.

அந்த மாத்திரைக்குள் இருப்பது மார்ஃபின் வேலை செய்யும் அதே இடத்தில், மார்ஃபின் மாதிரியே வேலை செய்யும் ஒரு பொருள். பெயர் 7-ஹைட்ராக்ஸிமிட்ராகைனின். வாயில் நுழையாத பெயர் என்பதால் எல்லோரும் சுருக்கமா '7-ஓஎச்' என்கிறார்கள்.

2025 ஜூலை 29-ம் தேதி, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, இந்த 7-ஓஎச்-சை போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. எஃப்டிஏ தலைவர் மார்ட்டி மக்காரியும், சுகாதாரத் துறை அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரும் சேர்ந்து இதை அறிவித்தார்கள். அப்போது எஃப்டிஏ ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொன்னது. நாங்க குறிவைப்பது கிராட்டம் இலையை இல்லை, அதிலிருந்து செறிவூட்டி எடுக்கும் 7-ஓஎச்-சைத்தான் என்று.

ஒரே மரம்தானே, இலைக்கு ஒரு நியாயம், மாத்திரைக்கு ஒரு நியாயமா? இந்த வித்தியாசம் புரிஞ்சாத்தான் மொத்த பிரச்னையும் புரியும்.

கிராட்டம் என்பது என்ன மரம்?

தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, மியான்மர் பக்கம் ஈரமான காடுகளில் வளரும் மரம் இது. அறிவியல் பெயர் மிட்ராகைனா ஸ்பெசியோசா. காபிச் செடியும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். நம்ம ஊரில் இருக்கும் நீர்க்கடம்பு கூட இதே மிட்ராகைனா இனம்தான். (உடனே போய் நீர்க்கடம்பு இலையைப் பறிக்க வேண்டாம். அதில் இருக்கும் வேதிப்பொருட்களே வேற.)

மலேசியாவில் இதற்கு 'கெத்தும்' என்று பெயர். வடக்கே கெடா, பெர்லிஸ், பினாங்கு பக்கம் இருக்கும் நம்ம சொந்தக்காரர்களைக் கேட்டால் 'கெத்தும் தண்ணி' பற்றி ஒரு கதையாவது சொல்வார்கள். வயல்வேலை, மீன்பிடி, மரம் வெட்டுதல் என்று வெயிலில் உடம்பு நோக உழைப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த இலையை மென்றோ, கொதிக்கவைத்து குடித்தோ வந்திருக்கிறார்கள். குறைந்த அளவில் காபி மாதிரி சுறுசுறுப்பு. அளவு கூடினால் வலி குறையும், ஒரு மயக்கமான நிம்மதி வரும்.

தாய்லாந்து 1943-லேயே இதற்கு சட்டம் போட்டு தடை விதித்தது. உடல்நலம் மேல் இருந்த அக்கறை மட்டும் அதற்குக் காரணம் இல்லை என்பார்கள். அந்தக் காலத்தில் அபின் விற்பனையில் அரசுக்கு வரி வருமானம் வந்துகொண்டிருந்தது. அபின் விலை ஏற, ஜனங்கள் தோட்டத்தில் சும்மா கிடைக்கும் கிராட்டம் இலைக்கு மாறினார்கள். கஜானாவுக்கு அடி. இலைக்குத் தடை. கிட்டத்தட்ட 78 வருடம் கழித்து, 2021 ஆகஸ்ட் 24-ல்தான் தாய்லாந்து இதைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது.

இலைக்குள்ள என்ன இருக்கு?

கிராட்டம் இலையில் பல விதமான அல்கலாய்டுகள் இருக்கின்றன. டீ, காபியில் கஃபைன் இருக்கிற மாதிரி, செடிகள் தாமாகவே உருவாக்கும் வேதிப்பொருட்களுக்குப் பொதுப்பெயர்தான் அல்கலாய்டு. கிராட்டம் இலையில் அதிகம் இருப்பது மிட்ராகைனின். 7-ஓஎச் அதன் சின்னத் தம்பி மாதிரி. மரத்திலிருந்து பறித்த பச்சை இலையில் 7-ஓஎச் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. இலை காயும்போது, காற்று பட்டு கொஞ்சம் மிட்ராகைனின் 7-ஓஎச்-சாக மாறும். அப்படி மாறினாலும் மொத்த அல்கலாய்டில் அது 2 சதவீதத்துக்கும் கீழேதான்.

இன்னொரு வழியும் உண்டு. நாம் உட்கொள்ளும் மிட்ராகைனினை நம்ம கல்லீரலே கொஞ்சம் கொஞ்சமாக 7-ஓஎச்-சாக மாற்றும். மாற்றும் வேகம் கல்லீரல் கையில். ஒரேயடியாக ரத்தத்தில் வந்து கொட்டாது.

இப்போ ஓபியாய்டு என்றால் என்ன என்று ஒரு வரியில் பார்த்துவிடலாம். குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிறோமே கசகசா, அந்தச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அபினிலிருந்து மார்ஃபின், மார்ஃபினிலிருந்து ஹெராயின். ஃபென்டனில் முழுக்க ஆய்வகத்தில் தயாராவது. இவை எல்லாம் மூளையில் ஒரே வகை ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்பவை. வலியை மறைக்கும், இதமான உணர்வு தரும், கூடவே மூச்சு விடும் வேகத்தைக் குறைக்கும். இந்த மூணாவது வேலைதான் ஆளைக் கொல்வது.

கிராட்டம் மரத்துக்கும் கசகசா செடிக்கும் ஒரு உறவும் கிடையாது. ஆனால் மிட்ராகைனினும் 7-ஓஎச்-சும் போய் ஒட்டுவது அதே ஏற்பியில்தான். மிட்ராகைனின் அங்கே அரைகுறையாகத்தான் வேலை செய்யும். 7-ஓஎச் அப்படி இல்லை. ஜப்பான் ஆய்வாளர்கள் 2004-ல் கினிப் பன்றியின் குடல் திசுவில் சோதித்துப் பார்த்தபோது, 7-ஓஎச்-சின் வீரியம் மார்ஃபினைவிட 13 மடங்கு, மிட்ராகைனினைவிட 46 மடங்கு என்று வந்தது. இது விலங்கின் திசுவில் வந்த கணக்கு. மனிதனுக்கும் அப்படியே 13 மடங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே எண்ணைத் தூக்கிக்கொண்டு 'மார்ஃபினைவிட 13 மடங்கு போதை' என்று தலைப்பு போட்டவர்கள் உண்டு. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கு.

ஒரு மாத்திரைக்கு எத்தனை இலை?

கம்பெனிகள் செய்வது இதுதான். இந்தோனேசியாவின் மேற்கு கலிமந்தானிலிருந்து டன் கணக்கில் காய்ந்த இலைப்பொடி அமெரிக்கா போகிறது. அதிலிருந்து மிட்ராகைனினை மட்டும் கரைத்து பிரித்தெடுக்கிறார்கள். அப்புறம் அதை ஆய்வகத்தில் ஆக்சிஜனேற்றம் செய்து 7-ஓஎச்-சாக மாற்றுகிறார்கள். இலையில் பேருக்கு இருந்த பொருள், இங்கே முழுசும் அதுவாகவே ஆகிவிடுகிறது. பிறகு மாத்திரை, கம்மீஸ் எனும் ஜெல்லி மிட்டாய், திரவம், வாயில் கரையும் வில்லை என்று விதவிதமாக வருகிறது. ஐஸ்கிரீம் கோன் வடிவில் கூட வந்திருக்கு. சின்னப் பசங்க கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் எஃப்டிஏ எழுப்பிய முதல் கேள்விகளில் ஒன்று.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் காய்ந்த இலைப்பொடியில் மொத்த அல்கலாய்டு 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 7-ஓஎச் அதிகபட்சமாக 2 சதவீதம் என்றே எடுத்தாலும் 0.4 மில்லிகிராம்தான். கடையில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் ஒரு மாத்திரையில் 15 மில்லிகிராம் 7-ஓஎச் இருக்கு. அந்த அளவு இலையிலிருந்தே கிடைக்க வேண்டும் என்றால் 37 கிராமுக்கு மேல் இலைப்பொடியை ஒரே நேரத்தில் விழுங்கணும். சாதாரணமா கிராட்டம் பொடி சாப்பிடுறவங்க ஒரு வேளைக்கு எடுப்பது சில கிராம். அந்தப் பொடி வேப்பிலைக்குச் சவால் விடும் கசப்பு. ரெண்டு ஸ்பூனுக்கு மேல் போனால் வாந்திதான் வரும். இலையில் இயற்கையாகவே இருந்த ஒரு தடுப்புச்சுவர் அந்தக் கசப்பு. மாத்திரையில் அது இல்லை. 15 மில்லிகிராமோடு நிற்பதும் இல்லை, அதைப்போல ரெண்டு மடங்கு, அதுக்கும் மேல் உள்ள மாத்திரைகளும் சந்தையில் இருக்கு.

இதற்கு ஒரு உதாரணம் கிராட்டத்தின் சொந்தக்காரரான காபியிலேயே இருக்கு. காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கிறோம், ஒண்ணும் ஆகலை. அதே கஃபைனை சுத்தமான பொடியாக எடுத்தால்? ஒரு டீஸ்பூன் கஃபைன் பொடி சுமார் 28 கப் காபிக்குச் சமம் என்று இதே எஃப்டிஏ முன்பு எச்சரித்திருக்கிறது. அந்தப் பொடியைச் சாப்பிட்டு அமெரிக்காவில் உயிர்கள் போயிருக்கு. 'காபிதானே' என்று யாராவது அதற்கு வாதாட முடியுமா?

இலைக்கும் 7-ஓஎச்-சுக்கும் நடுவில் இன்னொரு ரகம் இருக்கு. 'எக்ஸ்ட்ராக்ட்' என்ற பெயரில் வரும் குட்டி பாட்டில்கள். இதில் மிட்ராகைனினையே செறிவாக அடைத்திருப்பார்கள். ஒரு மடக்கில் குடித்துவிடலாம். லேபிளில் 'கிராட்டம்' என்ற ஒரே வார்த்தைதான் மூணு ரகத்துக்கும். வாங்குறவருக்கு எது எது என்று தெரியவே தெரியாது. அதைவிடக் கொடுமை, 7-ஓஎச் மேல் கெடுபிடி வந்ததும் 'மிட்ராகைனின் சூடோஇண்டாக்சில்' என்று அடுத்த பொருள் கடைக்கு வந்துவிட்டது. அதுவும் ஓபியாய்டு ஏற்பியில் போய் ஒட்டுவதுதான்.

உடம்புக்குள்ள என்ன நடக்கும்?

முதல் பயம் மூச்சு. 7-ஓஎச் கொடுத்த எலிகளுக்கு சுவாசம் குறைந்ததும், ஓபியாய்டு முறிவு மருந்தான நலாக்சோன் கொடுத்ததும் அது சரியானதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கு. இலையில் அதிகம் இருக்கும் மிட்ராகைனின் மார்ஃபின் அளவுக்கு மூச்சை அடக்குவதில்லை என்று சில விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன. கிராட்டம் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இந்த ஆய்வுகளைத்தான். ஆனால் அந்த ஆறுதல் மிட்ராகைனினுக்குத்தான், 7-ஓஎச்-சுக்குப் பொருந்தாது. கூடவே மதுவோ, தூக்க மாத்திரையோ, பதற்றத்துக்குக் கொடுக்கும் மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு இன்னும் மெதுவாகும்.

அடுத்தது கல்லீரல். கிராட்டம் எடுக்க ஆரம்பித்த சில வாரங்களிலேயே மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் அடர்நிறமாகப் போவது என்று மருத்துவமனைக்கு வந்தவர்களின் குறிப்புகள் மருத்துவ இதழ்களில் நிறைய இருக்கு. பெரும்பாலும் நிறுத்தியதும் சரியாகிவிடுகிறது. எல்லோருக்கும் வருவதில்லை, யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது.

வலிப்பு, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் ஏறுவது, குழப்பம் ஆகியவையும் பதிவாகியிருக்கு. அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்கு 2011-ல் கிராட்டம் தொடர்பாக வந்த அழைப்புகள் வெறும் 13. 2017-ல் 682. இது 7-ஓஎச் மாத்திரைகள் கடைக்கு வருவதற்கு முந்தைய கணக்கு என்பதையும் கவனிக்கணும். கர்ப்ப காலத்தில் அம்மா தொடர்ந்து எடுத்தால், பிறந்த குழந்தைக்கு நடுக்கம், நிற்காத அழுகை, பால் குடிக்காமை என்று ஓபியாய்டு விடும்போது வரும் அவதி எல்லாம் வந்த சம்பவங்களும் உண்டு.

ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுறவங்களுக்கு தனியா ஒரு ஆபத்து. நம்ம கல்லீரலில் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகளில் சிலவற்றை மிட்ராகைனின் முடக்கிவிடும். மன அழுத்த மாத்திரைகள், சில வலி நிவாரணிகள் எல்லாம் அந்த நொதியை நம்பித்தான் இருக்கு. நொதி வேலை செய்யலைன்னா, டாக்டர் கொடுத்த சரியான டோஸே ரத்தத்தில் தேங்கி அதிக டோஸாக மாறும்.

இதனால செத்திருக்காங்களா?

இதில் அவசரப்பட்டு ஆமாம், இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2016 ஜூலை முதல் 2017 டிசம்பர் வரை பதிவான 27,338 அதிக டோஸ் மரணங்களை ஆராய்ந்ததில், 152 பேரின் உடலில் கிராட்டம் இருந்தது. அதில் 91 பேரின் மரணத்துக்கு கிராட்டமும் ஒரு காரணம் என்று மருத்துவ அதிகாரிகள் முடிவு செய்தார்கள். ஆனால் அந்த 152 பேரில், சோதனையில் கிராட்டம் மட்டுமே தென்பட்டது 7 பேருக்குத்தான். மூன்றில் இரண்டு பங்கு பேரிடம் ஃபென்டனில் வகைகள் இருந்தன.

இந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் வாதம் செய்யும். '91 பேர் செத்தாங்க' என்பார் ஒருவர். 'தனியா பார்த்தா 7 பேர்தான், அதுலயும் சோதிக்காத வேற மருந்து இருந்திருக்கலாம்' என்பார் இன்னொருவர். ரெண்டுமே பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு இலைப்பொடி காலத்துக் கணக்கு.

செறிவூட்டிய மாத்திரை வந்தபிறகு நிலைமை மாறுது. 2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட சுகாதாரத் துறை ஒரு எச்சரிக்கை விட்டது. 18 முதல் 40 வயதுக்குள் உள்ள மூன்று பேர் இறந்துகிடந்தார்கள். பெரிய நோய் எதுவும் இல்லாதவர்கள். உடலில் 7-ஓஎச் இருந்தது, மதுவும் இருந்தது. மது அருந்திவிட்டு ஒரு மாத்திரையையும் போட்டுக்கொள்வது என்பது போதைக்கு அடிமையானவர்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை. வார இறுதியில் நண்பர்களோடு இருக்கும் யாரும் செய்யக்கூடியதுதான்.

கலப்படமும் ஆளைக் கொல்லும் என்பதற்கு சுவீடன் சாட்சி. 2009-10 வாக்கில் அங்கே 'கிரிப்டன்' என்ற பெயரில் கிராட்டம் பொடி விற்றது. ஓராண்டுக்குள் 9 பேர் இறந்தார்கள். பரிசோதித்தால், டிராமடால் எனும் வலி மருந்து உடலில் உடைந்து உருவாகும் ஒரு வீரியமான பொருளை அதில் கலந்திருந்தது தெரிந்தது. மூலிகை என்று நினைத்து வாங்கியவர்களுக்கு அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிய வாய்ப்பே இல்லை. 2018-ல் அமெரிக்காவில் கிராட்டம் பொருட்களிலிருந்து சால்மோனெல்லா கிருமி பரவி 41 மாநிலங்களில் 199 பேருக்கு நோய் வந்தது தனிக்கதை.

அப்புறம் ஏன் சாப்பிடுறாங்க?

போதைக்காகன்னு ஒரே வரியில் முடிச்சுட முடியாது. அமெரிக்காவில் ஓபியாய்டு மற்றும் பிற போதைப்பொருள் அதிக டோஸில் 2021 முதல் 2023 வரை ஒவ்வொரு ஆண்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்து, அதுக்கு அடிமையாகி, பிறகு சீட்டு நிறுத்தப்பட்டு தெருவில் வாங்கியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் அதிலிருந்து மீளத்தான் கிராட்டத்துக்கு வந்தார்கள். 'இது இல்லைன்னா நான் ஹெராயினிலேயே செத்திருப்பேன்' என்று சொல்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். 2016-ல் மிட்ராகைனின், 7-ஓஎச் இரண்டையும் கடுமையான முதல் அட்டவணையில் சேர்க்கப் போவதாக போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டிஇஏ ஆகஸ்டில் அறிவித்தபோது, இவர்களின் எதிர்ப்பில்தான் அக்டோபரிலேயே பின்வாங்கியது. 2021-ல் மட்டும் சுமார் 17 லட்சம் அமெரிக்கர்கள் கிராட்டம் பயன்படுத்தியதாக அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பு மதிப்பிட்டிருக்கிறது.

வலி குறையும் என்பதும் வெறும் நம்பிக்கை இல்லை. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தில், பேராசிரியர் பி. விக்னசிங்கம் குழுவினர் 26 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2020-ல் வெளியிட்டார்கள். ஐஸ் தண்ணிக்குள் கையை விடணும். எவ்வளவு நேரம் தாங்குறாங்கன்னு பார்க்கணும். கெத்தும் குடிப்பதற்கு முன் சராசரியாக 11 நொடி தாங்கியவர்கள், குடித்து ஒரு மணி நேரம் கழித்து சுமார் 25 நொடி தாங்கினார்கள். எதைக் குடிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாமல் நடத்திய சோதனை இது.

ஆனால் அதே மையத்தின் ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் படிக்கணும். தினமும் கெத்தும் குடிக்கும் 293 பேரை விசாரித்ததில், பாதிக்கும் மேற்பட்டோர் கடுமையாக அதற்கு அடிமையாகியிருந்தார்கள். நிறுத்தினால் தசைவலி, தூக்கமின்மை, மூக்கில் தண்ணீர் ஒழுகுவது, எரிச்சல், வயிற்றுப்போக்கு. இது வீட்டுத் தோட்டத்து இலையைக் கொதிக்கவைத்து குடித்தவர்களின் நிலை. அப்போ 7-ஓஎச் மாத்திரை? சில மணி நேரத்திலேயே வேகம் இறங்கி, அடுத்த மாத்திரை தேடி, ஒரு நாளைக்கு ஒன்று மூன்றாகி, மூன்று பத்தாகி, மாதச் சம்பளமே பாக்கெட்டுக்குப் போகும் கதைகள் அமெரிக்க மறுவாழ்வு மையங்களில் இப்போது சகஜம். ஹெராயினை விட வந்தவர் மூலிகைக்கு அடிமையாகி, அதை விட ஹெராயினுக்குக் கொடுக்கும் அதே புப்ரனார்ஃபின் சிகிச்சைக்குப் போகிறார்.

'இயற்கையானது, சைடு எஃபெக்ட் இல்லை' என்ற வார்த்தை நமக்கும் புதுசில்லை. பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டியிலிருந்து இன்ஸ்டா ரீல்ஸ் வரை தினமும் பார்க்கிறோம். அரளி விதையும் இயற்கைதான்.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் எஃப்டிஏ பரிந்துரைத்த அன்றே தடை வந்துவிடாது. முடிவு டிஇஏ கையில். வரைவு விதி, பொதுமக்கள் கருத்து என்று நீளமான நடைமுறை. அதற்குள் மாநிலங்கள் தனித்தனியாக இறங்கிவிட்டன. ஃப்ளோரிடா 2025 ஆகஸ்டில் அவசர விதி போட்டு செறிவூட்டிய 7-ஓஎச்-சை முதல் அட்டவணை போதைப்பொருளாக்கியது. லூசியானா அதே மாதம் முதல் இலையையும் சேர்த்தே தடை செய்தது. அலபாமாவில் 2016 முதலே தடை. யூட்டா மாதிரி மாநிலங்கள் 2019-லிருந்து தடை செய்யாமல், பரிசோதனை, லேபிள், வயது வரம்பு என்று கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தன. சுவாரஸ்யம் என்னன்னா, கிராட்டம் இலை விற்பவர்களின் சங்கமே 7-ஓஎச் மேல் நடவடிக்கையை வரவேற்றிருக்கு. அவங்க பண்ற வேலைக்கு எங்க இலைக்கு கெட்ட பேர் என்பது அவர்கள் கவலை. வியாபாரக் கணக்கும் அதில் இருக்கு, மறுக்க முடியாது.

நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டியது வேற இடத்தில் இருக்கு. தாய்லாந்தில் கிராட்டம் இலையும் பானமும் தெருவோரத்திலேயே கிடைக்கும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் விற்கக் கூடாது என்று 2022 சட்டம் சொல்கிறது. மற்றவர்கள் வாங்கலாம். ஆனால் எல்லை தாண்டி மலேசியா போனால் அதே பானம் குற்றம். 1952-ம் ஆண்டு விஷப்பொருள் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூரில் மிட்ராகைனினும் 7-ஓஎச்-சும் ஹெராயின் இருக்கும் அதே 'ஏ' பிரிவு போதைப்பொருள் பட்டியலில் இருக்கின்றன. பாங்காக் டூர் முடித்து சிங்கப்பூர் வழியாக ஊர் திரும்புகிறவர்கள், ஜாலிக்கு வாங்கிய பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வருவது எவ்வளவு பெரிய வம்பு என்று புரிந்துகொள்ளலாம்.

வீட்டில் யாராவது எடுக்குறாங்கன்னு தெரிஞ்சா?

அமெரிக்காவில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை. பரீட்சை நேர டென்ஷன், தூக்கமின்மை, ஜிம்மில் வந்த தசைவலி என்று கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். பாக்கெட்டில் '7-ஓஎச்', '7-ஹைட்ராக்ஸி', 'எக்ஸ்ட்ராக்ட்', 'சூடோ' என்று எதைப் பார்த்தாலும் அது இலைப்பொடி இல்லை என்று அர்த்தம்.

ஒருவர் எழுப்பியும் எழாமல், மூச்சு ரொம்ப மெதுவாக, உதடு நீலமாக, கண்ணின் கருமணி ஊசிமுனை அளவு சுருங்கி இருந்தால் அது அவசர நிலை. அமெரிக்காவில் 911, நம்ம ஊரில் 108. அமெரிக்க மருந்துக்கடைகளில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் நலாக்சோன் மூக்கு ஸ்பிரே 7-ஓஎச்-சுக்கும் வேலை செய்யும். ஒரு தடவை அடித்து மூச்சு திரும்பலைன்னா, சில நிமிடத்தில் இன்னொரு தடவை அடிக்கலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். வாந்தி மூச்சுக்குழாயில் போகாமல் இருக்க அதுதான் வழி.

தினமும் எடுத்துக்கொண்டிருப்பவர், இதைப் படிச்சுட்டு இன்னிக்கே சட்டென்று நிறுத்துவதும் சரியில்லை. விடும்போது வரும் அவதி தாங்காமல் அதிகமாக எடுத்துவிடுபவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள். படிப்படியாகக் குறைக்கவும், மாற்று மருந்து கொடுக்கவும் மருத்துவர்களால் முடியும். இந்தியாவில் போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446.

மருத்துவரிடம் போகும்போது ஒரு விஷயம். ஆஸ்பத்திரியில் வழக்கமாக எடுக்கும் சிறுநீர் போதைப்பொருள் சோதனையில் கிராட்டமும் 7-ஓஎச்-சும் தெரியாது. ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்றுதான் வரும். அதனால் நீங்களே வாயைத் திறந்து சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். முடிஞ்சா அந்த பாக்கெட்டையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.